நாலும் இரண்டும்

எங்கள் வீட்டுக் காமரா உள்ளில் இருக்கும் இரும்புப் பீரோவின் அடித்தட்டைத் திறக்கும்போதெல்லாம் முதலில் வருவது அந்துருண்டையின் நெடி. அது சற்றுத் தணிந்த பிறகு, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி மிக மெல்லியதாக, லேசர் பிரிண்டரில் சூடேறிய டோனர்ப் பொடியின் வாசனை வரும். கடையை மூடிப் பல வருஷங்களான பின்பும் அந்த வாசனை அங்கே எப்படித் தங்கியிருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. மிச்சப்பட்ட கல்யாணப் பத்திரிகைக் கவர்களில் ஒவ்வொன்றாகச் சுற்றி நான் அடுக்கி வைத்திருக்கும் பழைய ஹார்ட் டிஸ்குகள், தாங்கள் வேலை பார்த்த இடத்தின் காற்றையும் கொஞ்சம் உடன் கொண்டு வந்துவிட்டனவோ என்னவோ.

அந்தத் தட்டை அண்மையில் முழுவதுமாகக் காலி செய்து கூடத்தில் பரப்ப நேர்ந்ததற்குக் காரணம் ஓர் அறுபதாம் கல்யாணம். கடை திறந்த புதிதில் நான் பத்திரிகை அடித்துக் கொடுத்த மாப்பிள்ளை ஒருவருக்கு இப்போது அறுபது நிறைந்து, திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி நடத்த அவருடைய பிள்ளைகள் ஏற்பாடு செய்திருந்தார்கள். புதுப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பழைய கல்யாணப் பத்திரிகையை அப்படியே அச்சிட வேண்டுமென்பது மூத்த மகளின் ஆசை. வீட்டிலிருந்த ஒரே பிரதியையோ கரையான் தின்றுவிட்டிருந்தது. "ஒங்ககிட்ட கம்ப்யூட்டர்ல இருக்கும்னு அப்பா சொன்னாங்க ஐயா" என்று அந்தப் பெண் வாசற்படியில் நின்று கேட்டபோது, இல்லையென்று சொல்ல நா எழவில்லை. இருக்கிறதென்று சொல்லவும் தைரியம் வரவில்லை.

கும்பகோணத்தில் நான் டி.டி.பி. சென்டர் வைத்தது 1992-ஆம் வருஷத்து மகாமகத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பு. பாத்திரக் கடையொன்றில் கணக்குப் பிள்ளையாக இருந்த என் தகப்பனார், தம் சேமிப்பில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுத்து, "இது என்ன தொழிலோ எனக்குப் புரியல்ல; ஆனா கணக்கு மட்டும் தெனம் எழுது" என்று சொல்லி ஆசீர்வதித்தார். வந்து சேர்ந்த இயந்திரம் 386 ரகம். அதன் ஹார்ட் டிஸ்கின் கொள்ளளவு 40 எம்.பி.; இன்று கைபேசியில் எடுக்கும் படங்களில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் அதில் கொள்ளாது. ஆயினும், 1956-இல் ஐ.பி.எம். கம்பெனி முதன்முதலாக வெளியிட்ட டிஸ்க் சாதனம், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் 50 லட்சம் எழுத்துக்களைத்தான் தாங்கிற்று என்று பிற்காலத்தில் படித்தபோது, என் உள்ளங்கையில் அடங்கிய அந்த 40 எம்.பி.யை அலட்சியமாக எண்ண மனம் ஒப்பவில்லை.

புரூப் பார்க்க வருகிறவர்கள் அக்காலத்தில் தனியாக வரமாட்டார்கள். பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாருமாகப் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு, தாய்மாமன் பெயருக்கு மேலே அத்தை வீட்டுக்காரர் பெயர் வந்துவிட்டதே என்று ஒருவரும், படித்த பிள்ளையின் பட்டத்தை விட்டுவிட்டீர்களே என்று மற்றொருவரும் சொல்லச் சொல்ல, திரையில் பெயர்கள் மேலும் கீழுமாக நகர்வதை ஏதோ தேர்தல் முடிவைப் போலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காலமானவர் ஒருவருடைய பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று அடிக்கும் இடத்தில் மாத்திரம் பேச்சு ஒரு நிமிஷம் நிற்கும். பிறகு பழையபடி ஆரம்பித்துவிடும். எல்லாம் முடிவானதும் ட்ரேசிங் தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்போம். அது ஆப்செட் அச்சகத்துக்குப் போய் பிளேட்டாகும். இப்போது பத்திரிகை கைபேசியிலேயே தயாராகி, கைபேசியிலேயே அனுப்பப்பட்டு, கைபேசியிலேயே ஒரு கும்பிடும் பெற்றுக்கொண்டு விடுகிறது. சண்டை போட இடமில்லாமல் போனது ஒருவிதத்தில் நஷ்டமே.

ஆடியும் மார்கழியும் முகூர்த்தமில்லாத மாதங்கள். அப்போது கடையில் ஈ ஓட்டிக்கொண்டிராமல், சீசனில் சேர்ந்த பைல்களையெல்லாம் 1.44 எம்.பி. பிளாப்பிகளில் பிரதியெடுத்து, வலங்கைமான், பாபநாசம், திருவிடைமருதூர் என்று ஊர்வாரியாகப் பெயரெழுதி அடுக்குவேன். ஐப்பசி மழை கழிந்து பார்த்தால் சிலவற்றின் உள்தகட்டில் பூஞ்சை பூத்திருக்கும். ஆகவே பிளாப்பிகளின்மேல் இருந்த விசுவாசம் குறையக் குறைய, ஹார்ட் டிஸ்கே எங்கள் பெட்டகமாயிற்று. 40 எம்.பி. போய் 540 எம்.பி. வந்தது; அது போய் 4.3 ஜி.பி.யும், அதன் பின் 40 ஜி.பி.யும் வந்தன. ஒவ்வொரு முறையும் பழைய டிஸ்கின் சர்வ உள்ளடக்கமும் புதியதன் ஒரு மூலையில் சுலபமாக அடங்கிவிடுமாதலால், எதை வைப்பது எதைத் தள்ளுவது என்று யோசிக்க வேண்டிய அவசியமே எங்களுக்கு ஏற்படவில்லை. 'ஓல்டு' என்று ஒரு போல்டர் போட்டு அதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மேலே வேலையைப் பார்ப்போம். அடுத்த இயந்திரத்தில் அந்த 'ஓல்டு' இன்னொரு 'ஓல்டு'க்குள் போகும். அக்காலத்து டி.டி.பி.க்காரர் எவருடைய டிஸ்கைத் திறந்தாலும் இந்த வம்சாவளியைக் காணலாம் என்றே நினைக்கிறேன்.

ஒரே பட்டைக் கேபிளில் இரண்டு டிஸ்குகளை மாட்டினால், எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்பதைப் பின்புறத்துச் சிறு ஊசிகளில் ஜம்பர் செருகி நிர்ணயிக்க வேண்டும். விரல் நுனியில் நிற்காத அந்தக் கறுப்புத் துண்டு கீழே விழுந்துவிட்டால், முதலாளி, ஆப்பரேட்டர், டீ கொண்டுவந்த பையன் உட்பட எல்லோரும் மண்டியிட்டுத் தேடுவோம். 1999 ஏப்ரல் 26-ஆம் தேதி 'செர்னோபில்' என்னும் வைரஸ் ஹார்ட் டிஸ்குகளைத் துடைத்துவிடப் போகிறதென்ற பேச்சு அடிபட்டபோது, சித்திரை முகூர்த்தப் பரபரப்புக்கு நடுவே, எல்லா இயந்திரங்களின் தேதியையும் முந்தைய நாளே 27-க்குத் தள்ளி வைத்துவிட்டு, காலண்டரை ஏமாற்றிய திருப்தியோடு வேலை செய்தோம்.

2004-ஆம் வருஷத்து மகாமகத்தின்போது, எங்கள் தெருவிலிருந்த ஸ்டூடியோக்காரர் பிலிம் சுருளைக் கைவிட்டு டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். குளத்தின் நான்கு கரைகளிலுமிருந்து அவர் எடுத்த படங்கள் எங்கள் கடை டிஸ்கில் வந்து தங்கின. அதன்பின் டிஸ்குகள் பெருகத் தொடங்கின. 2011-இன் இறுதியில் ஒரு டிஸ்க், 'டக், டக்' என்று உள்ளே யாரோ கதவைத் தட்டுவது போன்ற ஒலியை எழுப்பிவிட்டு நின்றுவிட்டது. அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓரிரவு பிரீசரில் வைத்தால் பிழைக்குமென்று சொன்ன வைத்தியர்களும் அந்நாளில் இருந்தார்கள். மோர் மிளகாயும் தோசை மாவும் இருக்கும் இடத்தில் அதை வைக்க என் மனைவி சம்மதிக்கவில்லை. புதியது வாங்கலாமென்று சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் விசாரித்தால், விலை ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. "தாய்லாந்துல வெள்ளம் சார். பாக்டரியெல்லாம் தண்ணிக்குள்ள. இன்னிக்கு இந்த வெலை, நாளைக்கு வந்தீங்கன்னா சரக்கே இருக்காது" என்றார் கடைக்காரர். அது அவருடைய வியாபாரத் தந்திரமென்றே முதலில் எண்ணினேன். செய்தித்தாளைப் பார்த்தபோது அத்தனையும் உண்மையாக இருந்தது. காவேரியில் வெள்ளம் வந்தால் நெல் விலை என்ன ஆகும் என்று அறிந்த ஊரில் பிறந்தவன் நான்; எங்கோ சாவோ பிரயா நதி கரை புரண்டால் வைகாசிக் கல்யாணப் பத்திரிகையின் கிரயத்தில் அது வந்து நிற்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இப்படியாகச் சேர்ந்தவற்றையெல்லாம் கூடத்தில் பாய் விரித்துப் பரப்பி, பட்டைக் கேபிள் காலத்து டிஸ்குகளை யு.எஸ்.பி.யில் மாட்ட உதவும் ஒரு அடாப்டரைக் கொண்டு ஒவ்வொன்றாக உயிர்ப்பித்துப் பார்த்தேன். மின்சாரம் பாய்ந்ததும் தட்டு சுழலத் தொடங்கி, ஒலி மெல்ல மெல்ல மேலேறி ஒரு ஸ்தாயியில் நிலைபெறுகிற வரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். 4.3 ஜி.பி. டிஸ்க் சற்று முனகிவிட்டு எழுந்துவிட்டது. ஓல்டுக்குள் ஓல்டாக இறங்கிப் போனபோது பைலும் அகப்பட்டது. அக்காலத்தில் நாங்கள் பக்கம் அமைத்த பேஜ்மேக்கர் மென்பொருளைத் திறப்பதற்காக என் தங்கை மகன் முன்பே லேப்டாப்புக்குள் ஒரு பழைய விண்டோஸைக் குடியமர்த்திக் கொடுத்திருந்தான். திறந்தால், மணமகன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கொம்பும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துக்கள் வரிசையாக நின்றன.

பழைய ஆசாமிகளுக்கு இது புதிதல்ல. அந்நாளில் தமிழ் எழுத்துரு விற்ற ஒவ்வொரு கம்பெனியும், எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதைத் தன்னிஷ்டப்படி வைத்துக்கொண்டிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற பொது முறைகளும், தமிழ்99 விசைப்பலகையும் வந்தன; பின்னர் யூனிகோடு பரவியது. எங்கள் மாப்பிள்ளையின் கல்யாணமோ இவை அனைத்துக்கும் முந்தியது. பத்திரிகை இந்த டிஸ்கில் இருக்க, அதற்குரிய எழுத்துரு வேறெங்கோ இருந்தது. தேடிக்கொண்டே போனதில், 80 ஜி.பி. டிஸ்க் ஒன்றில், சினிமாப் பாட்டுக்களுக்கு இடையில் ஏன் இருக்கிறதென்றே தெரியாதபடி இருந்த ஒரு போல்டரில் அது அகப்பட்டது. அதை நிறுவியவுடன் கொம்பும் வாலும் உதிர்ந்து, 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கிப் பத்திரிகை முழுவதும் சாவதானமாகத் தமிழாகிவிட்டது. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, அப்பாவின் பெயரைவிட, கீழே சிறிய எழுத்தில் இருந்த பெரியம்மா, சித்தப்பாக்களின் பெயர்களையே நெடுநேரம் படித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்க ஒரு ஸ்டோரேஜ் சர்வர் வீட்டிலேயே அமைக்க வேண்டுமென்ற எண்ணம் எனக்கு அப்போது ஏற்பட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன், தான் கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரைத் தர ஒப்புக்கொண்டான். டிஸ்க் மாட்ட அதில் ஆறு துளைகள் இருந்தன. ஆனால் என்னிடமிருந்த சரக்கைக் கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டைக் கேபிள் காலத்தவற்றை ஒதுக்கிவிட்டால், 4 டி.பி. ஒன்று, 2 டி.பி. இரண்டு, 1 டி.பி. ஒன்று, 500 ஜி.பி. ஒன்று. ஒன்றுக்கொன்று வயதிலும் கம்பெனியிலும் அளவிலும் வேகத்திலும் சம்பந்தமில்லாதவை.

"மாமா, பழசையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு ஒரே அளவுல நாலு வாங்குங்க. இசட்.எப்.எஸ். போட்டுக் குடுத்துடறேன். நிம்மதியா இருக்கலாம்" என்றான்.

அவன் சொன்னது சாஸ்திரப்படி சரியே. சன் கம்பெனியில் பிறந்த அந்த முறை, எழுதிய ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்துக்கொண்டு, டிஸ்க் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடும் என்பதை அறிவேன். எனினும் ஐந்து டிஸ்குகள் கையில் இருக்கையில் நான்கு டிஸ்குகள் புதிதாக வாங்குவது பாத்திரக் கடைக் கணக்குப் பிள்ளையின் மகனுக்குச் சாத்தியமாகுமா? இருப்பவற்றைக் கொண்டே ஆகுமா என்று காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கில் ஒரு விசித்திரம் வெளிப்பட்டது. ரெய்டு 5 என்ற பிரசித்தமான முறை, சேர்ந்திருக்கும் டிஸ்குகளில் எது சிறியதோ அதன் அளவையே எல்லா டிஸ்குகளின் அளவாகவும் எடுத்துக்கொண்டு, ஒன்றின் இடத்தைக் காப்புக்கென்று கழித்துவிடும். 4, 2, 2, 1 என்று நான்கை மாட்டினால், ஒவ்வொன்றும் 1 டி.பி. என்றாகி, கிடைப்பது 3 டி.பி. அத்தோடு 500 ஜி.பி.யையும் சேர்த்தாலோ ஒவ்வொன்றும் அரை டி.பி.யாகக் குறுகி, ஐந்தில் ஒன்று போக 2 டி.பி.தான் மிஞ்சுகிறது. ஒரு டிஸ்கைக் கூடுதலாகக் கொடுத்ததற்குப் பிரதியாக 1 டி.பி. அபராதம்!

இந்த ரெய்டு பிறந்த கதையை அவனே எனக்குச் சொல்லியிருக்கிறான். 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் என்ற மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள், ஐ.பி.எம்.மின் 7.5 ஜி.பி. ராட்சச டிஸ்க் ஒன்றுக்கு எதிராக, பர்சனல் கம்ப்யூட்டர்களில் போடுகிற 100 எம்.பி. சில்லறை டிஸ்குகளைக் கூட்டமாகக் கட்டி நிறுத்தினால் மலிவாகவும் வேகமாகவும் வேலை நடக்கும் என்பது அவர்கள் வாதம். எளியவற்றைக் கொண்டு பெரியதை வெல்வதற்குப் பிறந்த முறை, எளியவை எல்லாம் ஒரே அளவில் இருந்தாக வேண்டும் என்று விதிக்கிறதே என்பது என் மனத்தாங்கல்.

பி.டி.ஆர்.எப்.எஸ். என்றொரு முறை, எந்த இரண்டு டிஸ்குகளிலாவது ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி இருக்கும்படி பார்த்துக்கொண்டு, என் நான்கு டிஸ்குகளில் 4.5 டி.பி. தருகிறது, மொத்தம் 9-இல் சரிபாதி. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் என் மனம் சென்று பற்றியது ஸ்னாப்ரெய்டு என்பதில். அதில் டிஸ்குகளைக் கலந்து ஒன்றாக்குவதில்லை. ஒவ்வொன்றும் தன் பைல்களைத் தானே முழுசாக வைத்துக்கொண்டு தனித்தனியே இருக்கும். காப்புக்கு மாத்திரம் ஒரு டிஸ்கை ஒதுக்க வேண்டும். அந்தக் காப்பு டிஸ்க், மற்றவற்றில் எது பெரியதோ அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆக 4 டி.பி. காவலுக்குப் போக, 2, 2, 1 சேர்ந்து 5 டி.பி. புழக்கத்துக்கு. இவை மூன்றையும் ஒரே பெரிய போல்டராகக் காட்ட மெர்ஜர்எப்எஸ் என்ற மற்றொரு மென்பொருள் இருக்கிறது.

என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "ஏங்க, இருக்கறதுலயே பெரிசு, புதுசு அதுதான். அதுல ஒரு போட்டோகூட வைக்கப் போறதில்லையா?" என்றாள்.

இல்லை என்றேன். அப்படியானால் அதில் என்னதான் இருக்கும் என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி. என் தகப்பனாரின் கணக்கு நோட்டை எடுத்துக் காண்பித்து அதற்குப் பதில் சொன்னேன். பக்கத்தின் நடுவில் ஒரு வரியைப் பூச்சி அரித்திருந்தாலும், அடியில் மொத்தம் போட்டிருப்பதால், மற்ற வரிகளைக் கழித்து, போன தொகை இன்னதென்று அவர் பென்சிலால் பக்கத்தில் எழுதி வைத்திருப்பார். காப்பு டிஸ்க் செய்வதும் அதுவே. மற்ற டிஸ்குகளில் ஒரே ஸ்தானத்தில் இருக்கும் ஒன்றுகளையும் பூஜ்யங்களையும் எண்ணி, ஒன்றுகள் ஒற்றைப்படையானால் 1 என்றும், இரட்டைப்படையானால் 0 என்றும் குறித்துக்கொண்டே போகும். ஏதாவது ஒரு டிஸ்க் போய்விட்டால், மீதியையும் குறிப்பையும் வைத்துப் போனதை ஸ்தானம் ஸ்தானமாகத் திரும்ப எழுதிவிடும். இரண்டு வரிகளை ஒரே சமயத்தில் பூச்சி அரித்தால் என்ன செய்வாராம் என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விதான் என் தீர்மானத்தை உறுதிப்படுத்தியது.

ரெய்டு 5-இல் இரண்டு டிஸ்குகள் போனால் எல்லாம் போயிற்று. ஒவ்வொரு பைலும் துண்டு துண்டாக எல்லா டிஸ்குகளிலும் சிதறிக் கிடக்குமாதலால், பிழைத்த டிஸ்கை எடுத்து வைத்துக்கொண்டு பிரயோஜனமில்லை. நான் தேர்ந்ததில், போன இரண்டில் இருந்தது போகும். மற்றவற்றில் இருப்பது இருக்கும். எந்த டிஸ்கைக் கழற்றி, லினக்ஸ் அறிந்த எந்த இயந்திரத்தில் மாட்டினாலும், அது தன்னிடமிருப்பதைத் தானே சொல்லிவிடும். எனக்குப் பின்னால் இந்தப் பெட்டியைத் திறக்கப் போகிறவர்களுக்கு ரெய்டும் தெரியாது, மெர்ஜர்எப்எஸ்ஸும் தெரியாது; எழுத்துருவைத் தேடி நான் அலைந்தது போல, ஒரு டிஸ்கைப் படிக்க மற்ற மூன்றைத் தேடி அவர்கள் அலையும்படி விட எனக்கு விருப்பமில்லை. என் தங்கை மகன் இதற்குச் சொன்ன ஆட்சேபம் கனமானது. ஸ்னாப்ரெய்டு அந்தந்தக் கணமே காப்பு எழுதுவதில்லை. நாம் கட்டளையிடும்போதுதான் எழுதும். மத்தியானம் சேர்த்த படம், ராத்திரி காப்பு எழுதுவதற்குள் டிஸ்க் படுத்தால் போனதுதான். தினந்தோறும் மாறுகிற ஆபீஸ் கணக்குகளுக்கு அது உதவாது. முப்பது வருஷத்துக் கல்யாணங்களில் இனி யாரும் திருத்தம் சொல்லப் போவதில்லையே என்றேன்.

சரக்கை நிறுத்துப் பார்த்தபோது எதிர்பாராதது ஒன்று தெரிந்தது. ஓல்டுக்குள் ஓல்டாக இருந்த இரட்டைப் பிரதிகளைக் களைந்தபின், நான் அடித்த பத்திரிகைகள் அத்தனையும் சேர்ந்து 20 ஜி.பி.கூட ஆகவில்லை, பேரனின் காதுகுத்து வீடியோ ஒன்று மாத்திரம் 60 ஜி.பி. ஆகவே 5 டி.பி.யில் எல்லாவற்றையும் சமமாகப் பாவிப்பது அறிவீனம் என்று முடிவாயிற்று. பத்திரிகைகள், எழுத்துருக்கள், மகாமகப் படங்கள், தகப்பனாரின் நோட்டை ஸ்கேன் செய்தவை ஆகியவற்றுக்கு இரண்டு டிஸ்குகளில் இரண்டு பிரதிகளும், வெளியூரில் ஒரு பிரதியும் உண்டு. காப்பு டிஸ்க் இருக்கிறதென்று நம்பி, தவறுதலாக ஒரு போல்டரை அழித்துவிட்டுக் காப்பையும் எழுதிவிட்டால் இரண்டிலும் அது இராது. திருடனும் இடியும் பெட்டியோடு கொண்டுபோவார்கள். வெளியூர்ப் பிரதி திருச்சியில் தங்கை வீட்டில் இருக்கும். பொங்கலுக்குப் போகும்போது சீர் வரிசையோடு அதுவும் போய்த் திரும்பும். பேஜ்மேக்கர் பைல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பி.டி.எப். வைக்கும் வேலையையும் ஆரம்பித்திருக்கிறேன். பாட்டுக்களும் சினிமாக்களும் ஒரே பிரதியோடு இருந்துகொள்ளட்டும். அவற்றுக்கு உலகத்தில் வேறு காவலர்கள் இருக்கிறார்கள்.

1 டி.பி. டிஸ்கின் தேக நிலை சற்றுக் கவலைக்கிடம். டிஸ்குகள் தம்மைத் தாமே பரிசோதித்துக் குறித்து வைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் பட்டியலைப் பார்த்தால், அது ஓடிய நேரம் 31,000 மணி. அதாவது இரவு பகல் மூன்றரை வருஷம். கெட்டுப்போன சில இடங்களைத் தானே ஒதுக்கிவிட்டு மாற்றிடம் கொடுத்திருக்கிறது. மாற்றிடங்களின் எண்ணிக்கை ஓரிடத்தில் நின்றால் பாதகமில்லை, வாரந்தோறும் ஏறினால் உடனே கழற்றிவிட வேண்டும் என்பது தங்கை மகனின் உபதேசம். காதுகுத்து வீடியோவுக்கு அதை இருப்பிடமாகக் கொடுத்திருக்கிறேன்; அதன் மூலப் பிரதி மருமகள் வீட்டாரிடம் இருக்கிறது.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் வீட்டில் ஒரு சிறு சபையே கூடியது. பரண்மேல் வைத்தால் மேல்தளத்தின் சூடு நேராக இறங்கும்; அக்கினி நட்சத்திரத்தில் அங்கே அப்பளம் காய வைக்கலாம். பூஜை உள்ளுக்கு என் மனைவி இடம் தரவில்லை. முடிவில், இன்வர்ட்டர் பாட்டரி இருக்கும் மாடிப்படிக்கு அடியில், கீழே இரண்டு செங்கல் கொடுத்து வைப்பதாயிற்று. 2012-ஐ ஒட்டிய வருஷங்களில் சென்னைக்கு வெளியே மணிக்கணக்காக மின்சாரம் நின்ற நாட்களில், கடையில் டிஸ்குகள் போனதற்குக் காரணம் வயதைவிடத் திடீரென்று போய்த் திடீரென்று வந்த கரண்டுதான் என்பது என் அபிப்பிராயம். ஆதலால் தனியாக ஒரு யு.பி.எஸ். உண்டு. மின்கட்டணக் கணக்கு என் மனைவியின் இலாகா. பெட்டி 40 வாட் இழுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 யூனிட், பில் போடும் இரண்டு மாதத்துக்கு 58 யூனிட். அரசாங்கம் கட்டணமின்றித் தரும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடுமே என்றாள். தேவைப்படும் பைல் எந்த டிஸ்கில் இருக்கிறதோ அது மட்டும் சுழன்றால் போதும், மற்றவை உறங்கலாம் என்பதும் நான் தேர்ந்த முறையின் குணங்களில் ஒன்று என்பதை எடுத்துச் சொல்லி, இரவு பத்து மணிக்குமேல் பெட்டியை நிறுத்திவிடுவதென்ற நிபந்தனையின் பேரில் அனுமதி பெற்றேன்.

எவ்வளவு காலத்துக்குத் திட்டம் போடுவது என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் தயாராக ஒரு விடை இருக்கிறது: ஒரு மகாமகத்திலிருந்து அடுத்த மகாமகம் வரை, பன்னிரண்டு வருஷம். 1992-இல் 40 எம்.பி.; 2004-இல் 40 ஜி.பி.; 2016-இல் 2 டி.பி. முதல் பன்னிரண்டு வருஷங்களில் ஆயிரம் மடங்கு, அடுத்த பன்னிரண்டில் ஐம்பது மடங்கு என்று வேகம் குறைந்திருக்கிறது. பழைய டிஸ்க் புதியதன் மூலையில் அடங்கிவிடும் என்ற அந்தச் சௌகரியத்தை இனி அவ்வளவாக நம்புவதற்கில்லை. 2028 மகாமகத்துக்கு, பேரன் தலையெடுத்துத் தன் கைபேசியில் எடுக்கப்போகும் படங்களுக்கும் சேர்த்து இடம் வேண்டும். 2 டி.பி. என்று விற்றதைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் 1.81 என்றுதான் காட்டும் என்பதையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன். விற்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், இயந்திரம் 1,024-ஆகப் பெருக்குகிறது. இதை வைத்து ரிச்சி தெருவில், "ஒரு டி.பி.ன்னு சொல்லிட்டு 931 தான்யா காட்டுது" என்று கடைக்காரரின் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டவரை நான் பார்த்திருக்கிறேன்.

ஆறு துளைகளில் ஒன்று இயந்திரத்தை இயக்கும் சிறு எஸ்.எஸ்.டி.க்கு, நான்கு மேற்சொன்ன டிஸ்குகளுக்கு. மீதி ஒன்றில் 500 ஜி.பி.யை மாட்டிவிட வேண்டுமென்பது என் கட்சி. ரெய்டு 5-இல் அபராதம் வாங்கித் தந்தது, இங்கே முழு அரை டி.பி.யையும் வஞ்சகமில்லாமல் தரும். "அரை டி.பி.க்காக இன்னொரு பழைய மோட்டார் சுத்தணுமா மாமா? பின்னால பெரிசா ஒண்ணு வாங்கினா எதுல மாட்டுவீங்க? காலியாவே விடுங்க" என்பது அவன் கட்சி. பழைய பாத்திரக்காரனிடம் போட்டால் ஒரு எவர்சில்வர் கரண்டியாவது தருவானா என்பது என் மனைவியின் விசாரணை. பொங்கலுக்கு அவன் வரும்போது நேரில் பேசிக்கொள்வதாக விவகாரத்தை ஒத்திப்போட்டிருக்கிறோம். அதற்குள் ஆறாவது துளைக்குரிய கேபிளை நான் வாங்கி வைத்துவிட்டது அவனுக்குத் தெரியாது.